வீட்டுப் பூச்சி மருந்தும் வளர்ப்புப் பிராணிகளும்



எறும்புக்கென்று வைத்த இரையை எறும்பு மாத்திரமே உண்ணும் என்று நாம் எண்ணிக்கொள்கின்றோம். ஆனால் எறும்பையும் கரப்பானையும் கவர்வதற்காக அதிற் சேர்க்கப்படும் சர்க்கரையும் எண்ணெயும் மாவும் நாயையுங் கவர்வனவே. நாய் மருந்துக்கூட்டைக் கடித்துக் குதறிய பின்னரே வீட்டார் பதைபதைக்கின்றனர்.

அங்ஙனம் பதைபதைப்போருக்கு முதலில் ஓர் ஆறுதல் கூறுவேன். கூட்டில் அடைத்து விற்கப்படும் இவ்விரைகள் பூச்சியை நின்ற இடத்திலேயே கொல்வதற்கென ஆக்கப்பட்டவை அல்ல. இரையுண்ட எறும்பு புற்றுக்குத் திரும்பி, அரசிக்கும் புழுக்களுக்கும் அதனை ஊட்டிய பின்னரே மடிதல் வேண்டும். ஆதலின் நஞ்சைச் சொற்பமாகவே சேர்ப்பர். பிப்பிரோனில் சேர்ந்த கரப்பான் களிம்புகள் பலவற்றில் 100 கிராமுக்கு 0.05 கிராம் நஞ்சே உண்டு. வளர்ந்த நாயொன்று அத்தகைய ஒரு கூட்டைத் தின்றால் பெரும்பாலும் வாந்தியோடும் கழிச்சலோடும் தப்பிவிடும். விழுங்கிய பிளாத்திக்குத் துண்டு குடலை அடைத்துக்கொள்வதே சில வேளைகளில் நஞ்சினும் பெருந் தொல்லையாகும்.

இவ்வாறுதலை எல்லா மருந்துக்கும் நீட்டிக்கொள்ளலாகாது. மாரிகாலத்திலே தோட்டத்தை அழிக்கும் நத்தைகளுக்குத் தூவும் குளிகைகளிற் சிலவற்றில் மெற்றல்டிகைட்டு உண்டு. நாய் அதனைத் தீனியென்றே தின்னும். சில மணி நேரத்துள் நடுக்கமும் வலிப்பும் கடுங் காய்ச்சலுங் கண்டு, வைத்தியம் பிந்தினால் உயிரையும் இழக்கும்.

பூனையின் செய்தி வேறு. உண்ணியை ஒழிக்க நாயின் முதுகிலே இடும் மருந்துகள் சிலவற்றிற் பேர்மெத்திரின் செறிவாக உள்ளது. நாய்க்கு அது தீங்கு செய்வதரிது. பூனையின் ஈரலோ அதனை விரைந்து சிதைத்து வெளியேற்றும் ஆற்றலிற் குறைந்தது. ஆகவே நாய்க்கு வாங்கியதிற் சிறிதைப் பூனைக்கும் பூசுதல் சிக்கனமன்று, கொலையாகும். பூசப்பட்ட நாயோடு பூனை ஒட்டிப் படுப்பதுங்கூட ஆபத்தே. கரப்பானுக்காகத் தரையிற் கீறும் மருந்து வெண்கட்டிகளிலும் இவ்வினத்து நஞ்சு உண்டு. கோட்டின்மேல் நடந்த பாதத்தைப் பூனை நக்காமல் விடுமா?

யாவற்றிலும் கொடியது, வயலுக்கு வாங்கிய மருந்தைச் சோடாப் போத்தலில் ஊற்றி வீட்டுக்குக் கொணர்ந்து, தேங்காய்ப்பூவோடோ சோற்றோடோ பிசைந்து எலிக்கும் எறும்புக்கும் வைக்கும் வழக்கம். பீடைநாசினிகளைக் கட்டுப்படுத்தும் 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டம் மருந்துகளுக்குப் பதிவையும் பெயர்ச்சீட்டையும் விதித்திருப்பது வீணுக்கன்று. சேதனப் பொசுபேற்று, காபமேற்று ஆகிய இனங்களைச் சேர்ந்த வயல் மருந்துகள் நரம்பின் கட்டுப்பாட்டைக் குலைப்பன. வாயில் நுரையும் உமிழ்நீரும் பெருகும், கண்மணி சுருங்கும், தசை துடிக்கும், மூச்சுத் திணறும். இதற்கு அத்திரோப்பின் என்னும் மாற்று மருந்து உண்டு. எனினும், வந்த நோய் இன்னதென்று வைத்தியருக்கு விரைவில் தெரிதல் வேண்டும். பெயர்ச்சீட்டில்லாத சோடாப் போத்தல் அவருக்கு என்ன சொல்லும்?

நஞ்சுண்ட பிராணிக்குத் தேங்காயெண்ணெயும் பாலும் புகட்டுவதும், உப்புநீர் பருக்கி வாந்தியெடுக்கச் செய்வதும் நம்மவரிடையே உள்ள பழக்கங்கள். எண்ணெய் நஞ்சை முறிப்பதில்லை. வலிப்பிற் கிடக்கும் பிராணியின் நுரையீரலுட் புகுந்து புதியதொரு நோயையே உண்டாக்கும். மிகையான உப்பும் ஒரு நஞ்சே. மருந்து உடலிற் பட்டிருப்பின், கையுறை அணிந்து, வெதுவெதுப்பான நீரும் பாத்திரங் கழுவும் சவர்க்காரமுங் கொண்டு கழுவிவிடலாம். வலிப்புக் கண்டிருந்தால் அதற்கும் தாமதியாது, மிருக வைத்தியரை நாட வேண்டும். புறப்படும்போது மருந்தின் பெட்டியையோ போத்தலையோ, எஞ்சிய இரையையோ உடன் கொண்டு செல்லுங்கள். குழந்தையும் அதனைத் தொட்டிருக்கக் கூடுமெனின், குழந்தையை முதலில் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். கொழும்புத் தேசிய வைத்தியசாலையில் உள்ள நஞ்சுத் தகவல் நிலையத்தாரிடம் தொலைபேசியில் வினவும்போதும், பெட்டியில் அச்சிட்ட மருந்தின் பெயரையே முதலிற் கேட்பர்.