கூலி என்ற சொல்லும் நாமும்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



இன்று ஒரு சிறிய சொல்லைப் பற்றிப் பேச விரும்புகிறோம். பள்ளிக் காலத்தில் நம்மில் பலர் காதில் விழக்கூடாதே என்று அஞ்சிய சொல்: 'கூலி'.

தமிழில் கூலி என்பது ஆளின் பெயரன்று. உழைப்புக்குக் கொடுக்கும் ஊதியம். முயற்சிக்கு உரிய பலனைத் திருவள்ளுவர் இச்சொல்லாலேயே குறிக்கிறார். போர்த்துக்கேயர் வழியாக அது ஆங்கிலத்துக்குப் போனபோது, ஊதியத்தின் பெயர் உழைப்பவரின் பெயராயிற்று. குஜராத்தின் கோலி என்ற சாதிப் பெயரும் அதில் கலந்ததாக அகராதியாளர் கூறுவர். பிறகு அது ஆங்கிலேயர் வாயில் வசையாகி, நம்மவர் போன இடமெல்லாம் கூடவே போனது. தென்னாபிரிக்காவில் காந்தியடிகளையும் 'கூலி பாரிஸ்டர்' என்றார்கள். இங்கே, தோட்டத்துரைமார் தமிழ் கற்க 1915 இல் டபிள்யூ. ஜி. பி. வெல்ஸ் எழுதிய கைநூலின் பெயரே 'கூலித் தமிழ்'. நம் தாய்மாரின் பேச்சுக்கு வைத்த பெயர் அது.

ஆனால் லயத்தில் அம்மா சொன்னது வேறு. மாத முடிவில் வருவது 'சம்பளம்'. ஒரு நாள் வேலை ஒரு 'பேர்'. கொழுந்தின் நிறை குறைந்தால் 'அரைப்பேர்'. 1927 இல் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தது. அதிலும் பெண்ணுக்குக் குறைவு. கொழுந்து பறித்த பெண்களின் நாட்சம்பளம் ஆண்களுடையதற்குச் சமமானது 1984 இல்தான். பல ஆண்டுப் போராட்டத்தின் பின் 2021 இல்தான் 1000 ரூபா வந்தது. ஆக, கூலி என்பதில் வெட்கப்பட வேண்டியவர்கள் அதைக் குறைத்துக் கொடுத்தவர்களே; வாங்கியவர்கள் அல்லர்.

ஆனால் வெட்கப்பட்டவர்கள் நாம். ஊர் கேட்டால் 'பசறை', 'ஹாலிஎல', 'தெமோதரை' என்று நிறுத்திக்கொண்டோம்; தோட்டத்தின் பெயரை, டிவிஷனின் பெயரைச் சொல்லவில்லை. அம்மாவின் தொழிலைக் கேட்டபோது 'வீட்டில்தான்' என்றவர்களும் நம்மில் உண்டு. அந்த அம்மாவின் பேரிலும் அரைப்பேரிலும்தான் நம் சீருடையும் பஸ் காசும் வந்தன.

சகோதரிகளே, சங்கத்தின் புதிய அங்கத்தவர் பதிவேட்டில் முகவரிக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் சேர்த்திருக்கிறோம். நீங்கள் கொழும்பிலோ கனடாவிலோ இருக்கலாம். பிறந்த தோட்டத்தின் பெயரை அதில் எழுதுங்கள். அம்மாவின் பெயரையும் எழுதுங்கள்.