பந்தியில் விடுபட்ட பிள்ளைகள்

(திருவண்ணாமலையில் இளைஞர்கள், வியாபாரிகளிடையே ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

குறைஷித் தலைவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் மார்க்கத்தை எடுத்துச் சொல்லிக் கொண்டிருந்த வேளையில், பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) கற்றுக்கொள்ள வந்தார். நபியவர்கள் முகம் கடுத்தார்கள். உடனே கண்டித்து இறங்கியது 'அபஸ' அத்தியாயம்! அதே தோழர் பின்னர் மதீனாவில் பாங்கு சொல்பவரானார்.

நம் மஹல்லாவின் நிலை என்ன? நடக்க முடியாத, பேச வராத பிள்ளையை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டு, "இவனுக்கு எதற்குப் பள்ளிக்கூடம்?" என்கிறோம். படிப்பு மட்டுமா போகிறது? சோறும் போகிறது! 1982 ஜூலை 1 அன்று தொடங்கிய சத்துணவும், 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவும் பள்ளிக்கூடத்துப் படியேறிய பிள்ளைக்குத்தானே?

சேர்த்துவிட்டால் மட்டும் போதாது. மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைக்குச் சோற்றைக் குழைத்து, நிமிர்த்தி உட்கார வைத்து, சிறு கவளமாக ஊட்ட வேண்டும். படுக்க வைத்து ஊட்டினால் உணவு மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். ஆட்டிசம் உள்ள பிள்ளை வாசனையோ பதமோ பிடிக்காமல் சில உணவை ஒதுக்கும். அது அடமல்ல; அடித்து ஊட்டாதீர்கள்.

இது யாரும் போடும் பிச்சையல்ல. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுள்ளது. 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடுள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை!

வியாபாரிச் சகோதரரே! பௌர்ணமிதோறும் கிரிவலக் கூட்டத்தால் உங்கள் கல்லா நிறைகிறது. அந்தப் பாதையில் யாரென்று கேளாமல் அன்னதானம் செய்கிறார்கள். நம் தெருப் பிள்ளை பசித்திருக்க, நாம் வயிறார உண்ணலாமா? ஆட்டோ வாடகைக்கும், பாலுக்கும், முட்டைக்கும், பழத்துக்கும் பைத்துல்மாலில் பங்கு ஒதுக்குங்கள்.

இளைஞனே! இந்த வாரமே வீடு வீடாகப் போ. விடுபட்ட பிள்ளைகளைக் கணக்கெடு. பெற்றோரை வட்டார வள மையத்துக்கு அழைத்துச் செல். சிறப்பாசிரியரைப் பார்க்க வை. ஊனச் சான்றும் அடையாள அட்டையும் வாங்க உதவு. தலைமை ஆசிரியரிடம் பணிவாக, ஆனால் விடாமல் கேள்: "இந்தப் பிள்ளைக்கு மதியம் ஊட்ட ஆள் இருக்கிறாரா? சோறு குழைத்துத் தரப்படுகிறதா?"

நாளை மறுமையில் இந்தப் பிள்ளைகளைப் பற்றி அல்லாஹ் கேட்பான். அன்று சொல்லப் பதில் வேண்டாமா? அந்தப் பதிலை இன்றே தேடிக்கொள்ள வல்ல நாயன் அருள் புரிவானாக! ஆமீன்.