மண்ணுக்குள் ஒரு கோலி சோடா பாட்டில்



பாகாலா ஒரு ரயில் சந்திப்பு. காட்பாடி, திருப்பதி, தர்மாவரம் என்று மூன்று பக்கமும் இங்கிருந்து ரயில் போகும். ரயில் நிற்கும் ஊரில் தாகம் இருக்கும். தாகம் இருந்தால் சோடாக் கடை இருக்கும். கோலி சோடாவைத் தெரியாதவர் உண்டா? தெலுங்கிலும் அதற்குக் கோலி சோடா என்றுதான் பெயர்.

அஸ்திவாரம் தோண்டும்போது மண்வெட்டியில் "கிளிங்" என்று ஒரு சத்தம் கேட்கும். பழைய பாட்டில்! குப்பை என்று தூக்கி எறிந்து விடுவார்கள். ஆனால் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பழைய குப்பைக் குழிகளைத் தேடித் தோண்டுகிறார்கள். கிடைத்த பாட்டில்களைக் கழுவி அலமாரியில் அடுக்குகிறார்கள். பலருக்கு இது பொழுதுபோக்கு.

கோலி சோடா பாட்டிலும் இங்கிலாந்தில் பிறந்ததுதான். ஹைரம் காட் என்பவர் 1872-ல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அதில் கார்க் இல்லை, மூடியும் இல்லை. வாயில் ஒரு ரப்பர் வளையம், கழுத்தில் ஒரு கண்ணாடிக் கோலி, அவ்வளவுதான். பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து சோடாவை அடைப்பார்கள். கோலி வாய்ப்பக்கம் விழும். உள்ளே இருக்கும் கேஸ் அதை ரப்பரோடு சேர்த்து அழுத்திக் கொள்ளும். கோலியைக் கீழே தள்ளினால் "டப்"! குடிக்கும்போது கோலி மறுபடி வாயை அடைக்காதா? அடைக்காது. கழுத்தில் இரண்டு குழிவு இருக்கிறதே, அதில் கோலி தங்கிவிடும். எவ்வளவு எளிய யோசனை பாருங்கள்!

முழு பாட்டில் கிடைப்பது அரிது. ஏன் தெரியுமா? பிள்ளைகள் கோலிக்காக உடைத்து விடுவார்கள். எந்த நாட்டிலும் பிள்ளைகள் பிள்ளைகள்தான்.

பாட்டிலின் வயதை விரலால் கொஞ்சம் படிக்கலாம். பக்கவாட்டில் மெல்லிய கோடு ஒன்று ஓடும். அது அச்சின் தையல். கோடு வாயின் விளிம்பு வரை ஏறினால், பெரும்பாலும் அது இயந்திரம் செய்த பாட்டில். கழுத்தோடு நின்றுவிட்டால், வாயை ஆள் கையால் செய்திருப்பார். பாட்டிலை முழுக்கத் தானே செய்யும் இயந்திரம் அமெரிக்காவில் 1903-ல் வந்தது.

இப்போது முக்கியமான விஷயம். கவனமாகக் கேளுங்கள்.

அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் விஷ மருந்துகளைத் தனி பாட்டிலில் விற்றார்கள். கறுநீலமாக, பச்சையாக இருக்கும். மேலே வரிவரியாகப் புடைப்பு இருக்கும். இருட்டில் கை பட்டாலே தெரிய வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கும் தெரிய வேண்டும். அதற்காகத்தான் அந்தப் புடைப்பு.

மண்ணில் கிடைக்கும் பாட்டிலில் எது இருந்தது என்று யார் சொல்வது? உள்ளே பொடியோ தண்ணீரோ இருந்தால் முகர வேண்டாம். திறக்கவும் வேண்டாம். கழுவிய பிறகும் அதில் எண்ணெயோ குடிதண்ணீரோ ஊற்ற வேண்டாம். பூச்சி மருந்து பாட்டிலைக் கழுவி மண்ணெண்ணெய் வைக்கும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. பிள்ளை எடுத்து வாயில் வைத்தால் என்ன ஆகும்?

தோண்டும்போது வெறும் கையை மண்ணுக்குள் விடாதீர்கள். கண்ணாடி கிழித்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் டி.டி. ஊசி போட்டுக் கொள்ளுங்கள். ஆழமாகத் தோண்டினால் பக்கத்து மண் சரிந்து ஆளை மூடிவிடும். அடுத்தவர் நிலத்தில் கேட்காமல் தோண்டக் கூடாது. சந்திரகிரிக் கோட்டை போன்ற இடங்களில் தோண்டவே கூடாது. அது சட்டப்படி குற்றம். இன்னொரு சட்டமும் உண்டு. மண்ணில் புதைந்து கிடந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது என்றால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். இது 1878-ம் ஆண்டுச் சட்டம். பத்து ரூபாய் அன்று பெரிய பணம்!

கழுவுவது எப்படி? சுடுதண்ணீர் ஊற்றாதீர்கள். பழைய கண்ணாடி விரிந்து விடும். சோப்புத் தண்ணீரில் இரண்டு நாள் ஊறட்டும். பிறகு ஒரு பிடி அரிசி போட்டுக் குலுக்குங்கள். அந்த அரிசியைக் கோழிக்கும் போடாதீர்கள், குழியில் புதைத்து விடுங்கள். மணல் போட்டால் கீறல் விழும். துருக்கறைக்கும் சுண்ணாம்புக் கறைக்கும் புளித்தண்ணீர் நல்லது. சில பாட்டிலில் வெள்ளையாகப் புகைபோல் இருக்கும். நனைத்தால் மறையும், காய்ந்தால் திரும்ப வரும். அது அழுக்கு இல்லை. மண்ணின் ஈரம் கண்ணாடியையே அரித்திருக்கிறது. அதைத் தேய்த்துப் பயன் இல்லை.

பாட்டில் காய்ந்ததும் மேலே புடைத்த எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். கண்ணுக்குத் தெரியாவிட்டால் ஒரு மெல்லிய காகிதத்தை மேலே சுற்றுங்கள். பென்சிலைப் படுக்க வைத்து லேசாகத் தேயுங்கள். எழுத்து ஒவ்வொன்றாக மேலே வரும். தமிழோ, தெலுங்கோ, ஆங்கிலமோ, வந்ததைக் கூட்டிப் படியுங்கள். கடைக்காரர் பெயராக இருக்கலாம். ஊர்ப் பெயராக இருக்கலாம். விஷம் என்றும் இருக்கலாம்.