குட்டி வருமுன் கணக்குப் பார்ப்போம்



வீட்டிற்கு நாய்க்குட்டி வருகிறது என்றால் பிள்ளைகளுக்கு அன்று திருநாள்தான். அதிலும் ஜெர்மன் ஷெப்பர்டு, ரோட்வைலர், லாப்ரடோர் போன்ற பெரிய இனத்துக் குட்டி என்றால் கேட்கவே வேண்டாம். தெரிந்தவர் ஒருவர் இலவசமாகத் தருகிறேன் என்கிறார். பிள்ளை அதை மடியில் தூக்கி வைத்துக்கொள்கிறது. பெற்றோரும் சரி என்று விடுகிறார்கள். நாம் தூக்கி வருவது குட்டியைத்தான். ஆனால் பத்தாண்டுகளோ அதற்கு மேலோ நம்மோடு வாழப்போவது வளர்ந்த நாய். ஆகவே வளர்ந்த நாயை மனத்தில் வைத்தே கணக்குப் பார்க்க வேண்டும். இடம், பணம், நேரம், அக்கம்பக்கம் என்று அந்தக் கணக்கு நான்கு வகைப்படும்.

முதலாவது, இடம். நம் பத்து காவான் வட்டாரம் ஒரு காலத்தில் தோட்டமும் செம்பனையுமாக இருந்தது. 2014ஆம் ஆண்டில் பினாங்கின் இரண்டாவது பாலம் திறக்கப்பட்ட பிறகு தொழிற்சாலைகளும் புதுக் குடியிருப்புகளும் பெருகிவிட்டன. லயத்தில் வாழ்ந்தபோது நாய்க்கு வாசலும் வயலோரமும் இருந்தன. தாமான் வீட்டிலும் அடுக்குமாடியிலும் அந்த வசதி இல்லை. வீடு மாறிப் போகும்போது நாயை மட்டும் விட்டுவிட்டுச் சென்ற குடும்பங்களை ஆசிரியர்களாகிய நாங்கள் பார்த்திருக்கிறோம். விடப்பட்ட நாய் அதே வாசலில் பல நாள் காத்துக் கிடந்து, பிறகு தெரு நாயாகிவிடும். எனவே, இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகளில் வீடு மாறும் எண்ணம் உண்டா, புது வீட்டில் நாய் வளர்க்க இடம் கொடுப்பார்களா என்பதை முதலில் யோசியுங்கள். நாய்க்கு உரிமம் தருவது செபராங் பிறை மாநகர் மன்றம். அடுக்குமாடியில் இருப்போர் அங்கு கேட்டுத் தெளிந்த பிறகே குட்டியைத் தேட வேண்டும்.

இரண்டாவது, பணம். விரலுக்குத் தக்க வீக்கம் வேண்டும் என்பார்கள். முப்பது கிலோ எடையுள்ள நாய் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 400 கிராம் உலர் தீவனம் தின்னும். 15 கிலோ மூட்டை 37 நாளுக்குத்தான் வரும். கடையில் ஒரு மூட்டையின் விலையைக் கேட்டு, அதைப் பத்தால் பெருக்கிப் பாருங்கள். ஓர் ஆண்டுத் தீவனச் செலவு உங்களுக்கே விளங்கிவிடும். இதற்கு மேல் தடுப்பூசி, குடற்புழு மருந்து, உண்ணி மருந்து, கொசுவால் பரவும் இதயப்புழுவுக்கான மருந்து, கருத்தடை அறுவை ஆகியவையும் உண்டு. மருந்தின் அளவு நாயின் எடையைப் பொறுத்தது என்பதால், பெரிய நாய்க்குச் செலவும் பெரிதாகவே இருக்கும்.

குட்டி எட்டு வாரமாவது தாயிடம் இருக்கட்டும். ஆறிலிருந்து எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி போட்டு, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறையாகப் பதினாறு வாரம் வரை தொடர வேண்டும். ஊசிகள் முடியுமுன் மற்ற நாய்கள் திரியும் இடத்தில் குட்டியை இறக்கி விடாதீர்கள். பார்வோ என்னும் கழிச்சல் நோய் சில நாட்களில் உயிரைக் கொண்டுபோய்விடும். எலும்பு வலுக்கும் என்று சுண்ணாம்புச் சத்து மாத்திரையை நாமாகக் கொடுப்பதும் தவறு. பெரிய இனத்துக் குட்டிக்கு அச்சத்து மிகுந்தால் எலும்பும் மூட்டும் கோணலாக வளரும். பெரிய இனக் குட்டிக்கென்றே செய்த தீவனம் போதும்.

மூன்றாவது, நேரம். விடியற்காலையில் பெற்றோர் வேலைக்குப் போய்விடுகிறார்கள். பிள்ளைகள் பள்ளிக்கு வந்துவிடுகிறார்கள். பகல் முழுவதும் நாய் என்ன செய்யும்? சங்கிலியில் கட்டிப் போட்டே வளர்த்த நாய், அன்பாக இருக்கக் கற்பதில்லை. குரைக்கவும் பாயவுமே கற்கிறது. வெயில் ஏறுமுன் காலையிலும், வெயில் இறங்கியபின் மாலையிலும் அதை நடத்திச் செல்ல ஒரு பெரியவர் வேண்டும். பத்து வயதுப் பிள்ளையின் எடை முப்பது கிலோ அளவுதான். வளர்ந்த ஜெர்மன் ஷெப்பர்டு அதற்குச் சமமாகவோ அதிகமாகவோ இருக்கும். அந்தப் பிள்ளையிடம் கயிற்றைக் கொடுத்தால் நாய்தான் பிள்ளையை இழுத்துச் செல்லும். "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று பிள்ளை சொல்வதை நம்பி நாய் வாங்காதீர்கள். பெரியவர்களில் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும்.

நான்காவது, அக்கம்பக்கம். நம்மைச் சுற்றி எல்லா இனத்தவரும் வாழ்கிறார்கள். நாயின் எச்சில் பட்டால் முஸ்லிம் அண்டை வீட்டார் அந்த இடத்தை ஏழு முறை கழுவ வேண்டும். அதில் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும். இதை அறிந்து வேலியும் கதவும் உறுதியாகப் போட்ட பிறகே நாயைக் கொண்டுவருவது மரியாதை. உறவு கெடாமலும் இருக்கும்.

நோயையும் மறந்துவிடக் கூடாது. 2015ஆம் ஆண்டில் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் வெறிநாய்க்கடி நோய் தலைகாட்டியது. பினாங்கில் தெரு நாய்களைக் கொல்ல உத்தரவு பிறந்தது. விலங்கு ஆர்வலர்கள் எதிர்த்தார்கள். 2017இல் சரவாக்கில் அந்நோய் பரவி மனித உயிர்களையும் பறித்தது. ஆகவே வெறிநாய்க்கடித் தடுப்பூசி பற்றிக் கால்நடை மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள். எந்த நாய் கடித்தாலும் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இனத்தைத் தேர்வதிலும் கவனம் தேவை. பிட்புல், அகிட்டா, தோசா போன்றவற்றை நம் நாட்டுக்குள் கொண்டுவரத் தடை உண்டு. ரோட்வைலர், டோபர்மன், ஜெர்மன் ஷெப்பர்டு ஆகியவற்றுக்குக் கட்டுப்பாடு உண்டு. தமிழ்நாட்டின் ராஜபாளையம் நாய் நமக்குப் பெருமை. இந்திய அஞ்சல் துறை 2005இல் அதற்குத் தபால்தலையே வெளியிட்டது. ஆனால் அது காவலுக்கும் வேட்டைக்கும் வளர்ந்த இனம். ஓடியாட நிலம் கேட்கும். அவ்வினத்தில் பிறவிச் செவிடும் உண்டு. வெள்ளைக் குட்டியின் பின்னால் நின்று கைதட்டிப் பார்த்து, அது திரும்புகிறதா என்று அறிவது நல்லது.

நாட்டில் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் இருக்கிறது. வளர்ப்பவர் உணவும் நீரும் இருப்பிடமும் மருத்துவமும் தர வேண்டும் என்கிறது அது. கொடுமை செய்தால் 20,000 முதல் 1,00,000 வெள்ளி வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கும்.

இவற்றைக் கேட்டு, நாயே வேண்டாம் என்று யாரும் எண்ண வேண்டாம். இன்றிரவு குடும்பத்தோடு உட்கார்ந்து ஒரு தாளில் நான்கு தலைப்புகளையும் எழுதுங்கள். நான்கிற்கும் விடை இருந்தால் குட்டியைத் தாராளமாகக் கொண்டு வாருங்கள். ஒன்றில் குறைந்தாலும், நம் கம்பத்து நாய்களில் சிறியதொன்றைத் தேடுங்கள். அல்லது ஓராண்டு பொறுத்திருங்கள். பிள்ளை அன்று அழும், மறுநாள் மறந்துவிடும். கைவிடப்பட்ட நாய் அவ்வளவு எளிதில் மறப்பதில்லை.