பச்சையா இருந்தா பாசிதானா?

இந்த எபிசோட்ல கடலோட நிறத்தைப் பத்திப் பேசலாம். செயற்கைக்கோள் எடுக்குற கடல் படங்களைப் படிக்கிறதுதான் என் வேலை.

கடல்ல கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் மிதந்துட்டே இருக்கும். பைட்டோபிளாங்டன்னு சொல்றோம். செடிகள்ல இருக்குற பச்சையம் இதுலயும் உண்டு. பச்சையம் நீல ஒளியை உறிஞ்சும். பச்சை ஒளியை அவ்வளவா உறிஞ்சாது. அதனால, கடல்லேர்ந்து நீலம் எவ்வளவு, பச்சை எவ்வளவு திரும்பி வருதுன்னு ஒப்பிட்டா, பாசியோட அளவைக் கணக்கிடலாம். நாசா 1978லயே இதுக்குன்னு ஒரு கருவியை அனுப்பிச்சது. நம்ம இஸ்ரோவோட ஓஷன்சாட்டும் இதைத்தான் பார்க்குது. பச்சையத்தையும் கடல்நீரோட வெப்பநிலையையும் வெச்சு, மீன் கிடைக்கக்கூடிய இடங்களை ஹைதராபாத் இன்காய்ஸ் மையம் மீனவர்களுக்குச் சொல்லுது.

நடுக்கடல்ல இந்தக் கணக்கு நல்லாவே வரும். சிக்கல் கரையோரத்துலதான். மழை பெஞ்சா ஆறு வண்டலைக் கொண்டுவந்து கொட்டும். ஆழம் குறைவான இடத்துல அலை அடிமண்ணைக் கிளறும். மக்கின இலைதழையோட சாறும் நீல ஒளியை உறிஞ்சும். அதனால, வெறும் கலங்கல் தண்ணியைக்கூட அந்தப் பழைய கணக்கு 'பாசி நிறைய இருக்கு'ன்னு காட்டிடலாம். போதாததுக்கு, ஆத்துல வெள்ளம் வர்ற நாள்லதான் மேகம் கடலை மறைச்சிருக்கும்.

இதுல என்ன நஷ்டம்னு கேக்கலாம். 2019 செப்டம்பர், அக்டோபர்ல மன்னார் வளைகுடாவுல, மண்டபம் பக்கம், நாக்டிலூகாங்கற நுண்ணுயிர் ஏகமா பெருகிச்சு. தண்ணியில ஆக்சிஜன் குறைஞ்சு மீன்கள் செத்துக் கரை ஒதுங்குச்சு. பவளங்களும் செத்துப்போச்சு. இந்த மாதிரி ஒரு பெருக்கத்தை 'சேறுதான்'னு விட்டுட்டா எச்சரிக்கை போகாது. சேத்தைப் பார்த்துப் பாசின்னு அடிக்கடி சொன்னா, அடுத்த எச்சரிக்கையை யாரும் நம்ப மாட்டாங்க.

வழி இருக்கு. வண்டல் சிவப்பு ஒளியையும் நல்லா சிதறடிக்கும். அதை வெச்சு ஓரளவு பிரிக்கலாம். நாசா 2024 பிப்ரவரியில ஏவின பேஸ் செயற்கைக்கோள், ஒளியை ரொம்ப நுணுக்கமான நிறத் துண்டுகளா பிரிச்சுப் பார்க்குது. ஆனாலும், படகுல போய்த் தண்ணி எடுத்து, வடிகட்டி, பச்சையத்தை அளக்குற ஆள் வேணும். அந்த அளவோட ஒத்துப் பார்க்காம கரையோரக் கணக்கை நான் நம்புறதில்ல.

பச்சைக் கடல் படம் ஏதாவது உங்க வாட்ஸ்அப்புக்கு வந்தா, ஃபார்வேர்ட் பண்றதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி கேளுங்க: அங்க மழை பெஞ்சுதா? யாராவது தண்ணி எடுத்துப் பார்த்தாங்களா?