நோய் நீங்கியும் நீங்காத அச்சம்



நோய் நீங்கினால் துன்பமும் நீங்கிவிடும் என்று நாம் எண்ணுகிறோம். புற்றுநோயைப் பொறுத்தமட்டில் அது முழு உண்மையன்று. சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய பின்னரும், "மீண்டும் வந்துவிடுமோ?" என்னும் அச்சம் பலரை விடுவதில்லை. மறுபரிசோதனை நாள் நெருங்க நெருங்க அது பெருகும். சிறு தலைவலியும் பெரும் ஐயத்தை எழுப்பும். இது கோழைத்தனமன்று. பேராபத்தை ஒருமுறை கண்ட மனம் தன் காவலைக் கைவிட மறுக்கிறது; அவ்வளவே.

இவ்வச்சத்தைத் தணிக்க மருந்தல்லாத வழிகளும் உள. அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன், 1929-இல் வெளியிட்ட நூலில் தசைத் தளர்ச்சிப் பயிற்சியை விளக்கினார். கையை இறுக மூடிச் சிறிது பொறுத்துத் தளர விடவேண்டும். தோள், முகம், கால் என ஒவ்வோர் உறுப்பாக இவ்வாறே செய்யவேண்டும். உடலின் இறுக்கம் தளர்ந்தால் உள்ளமும் அமைதியுறும் என்பதே இதன் அடிப்படை.

1979-இல் ஜான் கபாட்-சின் என்பவர் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் மனக்கவனப் பயிற்சியைத் தொடங்கினார். அது 8 வாரப் பயிற்சி. அஞ்சத்தக்க எண்ணம் எழும்போது அதனோடு போரிடாமல், "இஃது ஓர் எண்ணம்" என்று கண்டு, மூச்சின்பால் கவனத்தைத் திருப்புவதே அதன் முறை.

இவை வெறும் நம்பிக்கையல்ல. புற்றுநோய் மருத்துவச் சங்கங்கள் இரண்டு, ஆய்வுகளைச் சீர்தூக்கி 2023-இல் வழிகாட்டுரை ஒன்றை வெளியிட்டன. சிகிச்சை முடிந்தோரின் பதற்றத்துக்கு உதவக்கூடியவற்றுள் மனக்கவனப் பயிற்சி, யோகம், சீனத்துத் தாய்ச்சி ஆகியவற்றையும் அது குறித்தது.

என் துணைவியார் இந்நோயினின்று மீண்டவர். பரிசோதனைக்கு முந்திய இரவுகளில் அவருக்கு உறக்கம் வாராது. "ஒன்றும் இராது" என்று உறவினர் கூறிய ஆறுதல் அவருக்குப் பயன்படவில்லை. அவர் மூச்சை எண்ணியபடி அமர்ந்திருக்க, நான் பேசாது அருகில் இருந்ததே பயன்பட்டது. அச்சம் அகலவில்லை, அவ்விரவைக் கடக்கும் அளவுக்குச் சிறுத்தது.

ஒன்றை மறவாதீர். இப்பயிற்சிகள் புற்றுநோயைத் தீர்ப்பனவல்ல, மறுபரிசோதனைக்கு ஈடுமல்ல. உணவும் உறக்கமும் நெடுநாள் கெடுமாயின் மருத்துவரை நாடுவதே முறை.

உங்கள் இல்லத்திலும் நோயினின்று மீண்டவர் இருக்கலாம். "எல்லாம் முடிந்துவிட்டதே, இன்னும் என்ன பயம்?" என்று கேளாதீர்கள். "நானும் உடன் அமரட்டுமா?" என்று கேளுங்கள்.