அரைப்பேர்

அட்டன் குளிரில் கை சூடேறத் தட்டுகிறீர்கள். கொஞ்சம் மிச்சம் வையுங்கள், கடைசியில் கேட்பேன்.

போன வாரம் ஒரு மேடையில் ஒருவர் முழங்கினார்: "தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு உடம்பு வணங்கவில்லை, கொழும்புக்கு ஓடுகிறார்கள்!" யாரென்று சொல்ல மாட்டேன். சிரிக்கிறீர்களே, தெரிந்துவிட்டதா? ஐயா, உங்கள் பிள்ளை எந்த மலையில் கவ்வாத்து வெட்டுகிறான்?

மஸ்கெலியாப் பக்கம் ஒரு அம்மா. பேர் சொல்லக் கூடாதென்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு, பகலெல்லாம் மழை, இடுப்பில் படங்குச் சாக்கு. சாயங்காலம் கொழுந்து மடுவத்தில் நிறுத்தால் இரண்டு கிலோ குறைகிறது. கணக்கப்பிள்ளை அரைப்பேர் போட்டார்: பாதி நாள் சம்பளம். அந்த அம்மா கேட்டார்: "ஏன்யா, மழையில முழுசாத்தானே நனைஞ்சேன்?"

பக்கத்தில் நின்ற மகனுக்குப் பன்னிரண்டு வயது. அன்றைக்கே அவன் தோட்டத்தை விட்டுப் போய்விட்டான். பஸ் மட்டும் ஆறு வருஷம் கழித்து வந்தது!

முன்பு ஏன் யாரும் ஓடவில்லை? 1948இல் நம் குடியுரிமையைப் பறித்தார்கள். அப்போதும் கொழுந்தெடுத்தோம். விருப்பமா? போக வழியில்லை! நாடற்றவன் எங்கே போய் வேலை கேட்பான்? நாடற்றவர்களாக எஞ்சியவர்களுக்கு 2003 சட்டத்தில்தான் விடிந்தது. அதுவரை காலில் கடிக்கிற அட்டையைத்தான் தெரியும். கையில் அடையாள அட்டை வந்தது, வாசல் திறந்தது.

நாள் சம்பளமா? ஆயிரம் ரூபாய், ஆயிரம் ரூபாய் என்று எத்தனை தேர்தல் ஓடியது! 2021இல் கைக்கு வந்தது. 2022இல் கோதுமை மா விலை அதை ரொட்டியோடு தின்றுவிட்டது. ஆயிரத்துக்கு மாலை போட்டுக்கொண்டவர்கள் அப்போது எங்கே இருந்தார்கள்? சரி, அவர்களை விடுங்கள். விட மனசு வரவில்லை, இருந்தாலும் விடுங்கள்!

காலி, மாத்தறைப் பக்கம் போய்ப் பாருங்கள். நாட்டுத் தேயிலையில் பெரும்பங்கு சிறு தோட்டக்காரர் கையில். அதே கொழுந்து, அதே மழை. ஆனால் செடி அவன் செடி, மண் அவன் மண். அவனுக்கு அரைப்பேர் போட யார் இருக்கிறார்கள்? நம் பிள்ளை தேயிலையை வெறுக்கவில்லை, பெரட்டை வெறுக்கிறான். நம் மண் எங்கே? 2023இல், நாம் இங்கு வந்து 200 வருஷமென்று 'மலையகம் 200' விழா எடுத்தோம். 200 வருஷத்துக்குப் பிறகும் ஏழு பேர்ச் காணிக்கு மனுக் கொடுக்கிறோம்!

அந்த மகன் இன்று கொழும்பில் ஒரு கடையில் கோப்பை கழுவுகிறான். மாளிகை கட்டவில்லை. ஆனால் மழை பெய்தால் அவன் சம்பளம் பாதியாவதில்லை.

தலைவர் துண்டுச் சீட்டு அனுப்பிவிட்டார். எனக்கும் அரைப்பேர்தான் போலிருக்கிறது! அந்த அம்மா இதோ பின்வரிசையில் இருக்கிறார். திரும்பிப் பார்த்து வெட்கப்பட வைக்காதீர்கள். மிச்சம் வைத்த கைதட்டலை மட்டும் இப்போது கொடுங்கள். முழுசாக!